கல்லு வடிகட்டுமாம், வாய் தப்பிச்சுக்குமாம்!

"இது சாதாரண பைப் இல்லீங்க, மீர்ஷாம். நிகோடின், தார் எல்லாத்தையும் கல்லே உறிஞ்சிக்கும். உங்க வாய்க்கு வர்றது சுத்தமான புகை."

இந்த வசனத்தை கடந்த ஒரு வருஷத்துல மூணு பேர் கிட்ட கேட்டாச்சு. முதலாமவர் இஸ்தான்புல் கிராண்ட் பஜாரில் ஒரு கடைக்காரர். அவரை விட்டுடலாம், விக்கறது அவர் தொழில். இரண்டாமவர் கூட வேலை பார்க்கும் நண்பர், எஞ்சினியர். மூன்றாமவர் நம்மைப் போலவே எழுதுகிற ஒருத்தர். பேர் வேண்டாம், நல்ல மனுஷர். "சிகரெட்டை விட்டுட்டேன், ஆரோக்கியமா மீர்ஷாமுக்கு மாறிட்டேன்" என்று பெருமையாகப் பதிவே போட்டுவிட்டார். கீழே வரிசையாக நம்ம ஆட்கள் "வாழ்த்துக்கள் தல", "எங்கே கிடைக்கும் தல?"

சுத்தமான புகை! இந்த ரெண்டு வார்த்தையையும் பக்கத்துல பக்கத்துல உட்கார வைக்க எப்படித்தான் மனசு வருதோ.

முதல்லயே சொல்லிடறேன். இது புகை பிடிக்காதே என்று கையைப் பிடிச்சு இழுக்கிற பதிவு இல்லை. என்கிட்டயும் ரெண்டு மீர்ஷாம் பைப் இருக்கு. மாசத்துல ஒண்ணு ரெண்டு ஞாயித்துக்கிழமை பிடிக்கிறேன். அது கெடுதல்னு தெரிஞ்சே பிடிக்கிறேன். எனக்குப் பிரச்சனை பைப்போட இல்லை, அந்தப் பொய்யோடதான். அழகான ஒரு கல்லை எடுத்து, அதுக்கு வைத்தியர் வேஷம் போட்டு விக்கறாங்க பாருங்க, அதோட.

முதல்ல அது என்ன கல்லு?

மீர்ஷாம்னா ஜெர்மன் மொழியில் கடல் நுரை. கனிமவியல்காரர்கள் வைத்த பேர் செபியோலைட். 1847-ல் குளோக்கர் என்கிற ஜெர்மன்காரர் வைத்தது. பார்க்க கணவாய் ஓடு மாதிரி வெள்ளையா, லேசா, நுண்துளைகளோட இருக்குன்னு கணவாய்க்கான 'செபியா'விலிருந்து எடுத்தார். இதுல ஒரு வேடிக்கை. நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையில் போய் 'கடல் நுரை' கேட்டால் எடுத்துக் கொடுப்பதும் அதே கணவாய் ஓடுதான்! எங்கேயோ இருக்கிற ஜெர்மன்காரனுக்கும் நம்ம சித்த வைத்தியருக்கும் ஒரே உவமை தோணியிருக்கு. (அதுக்காக நாட்டு மருந்துக் கடையில் போய் பைப் கேட்காதீங்க.)

இது மக்னீசியம் சிலிகேட். காய்ந்த கட்டி தண்ணீரில் மிதக்கும். நகத்தால் கீறினால் கோடு விழும். பைப் செய்யத் தோதான நல்ல கட்டிகள் பெரும்பாலும் வருவது ஒரே ஊரிலிருந்து. துருக்கியில் எஸ்கிஷெஹிர். சுற்றியுள்ள கிராமங்களில் கிணறு மாதிரி குழி வெட்டி, பல பத்து மீட்டர் கீழே இறங்கி, மண்ணுக்குள் உருளைக்கிழங்கு மாதிரி புதைந்து கிடக்கும் கட்டிகளைத் தோண்டி எடுக்கிறார்கள். துருக்கியில் பெரும்பாலும் இதைக் கடல் நுரைன்னு சொல்றதில்லை. அங்கே இதன் பேர் 'லுலெதாஷி', அதாவது பைப் கிண்ணம் செய்கிற கல்லு. பளிச்சுனு சொல்லிட்டான் பாருங்க. நுரையும் இல்லை, மருந்தும் இல்லை.

இந்தக் கல்லுக்கு நிஜமாகவே சில நல்ல குணங்கள் உண்டு. அதை மறுக்க மாட்டேன். பிரையர் மர பைப் மாதிரி முதல் பல தடவை கசப்போட பழக்க வேண்டியதில்லை, வாங்கின அன்னிக்கே நன்றாக இருக்கும். கரிந்து ஓட்டை விழாது. புகையின் ஈரத்தை உறிஞ்சும், அதனால் அடியில் சளசளன்னு தண்ணி சேர்றது குறைவு. கையில் பிடித்தால் கனமே தெரியாது. இதுவரைக்கும் எல்லாம் உண்மை.

இந்த 'உறிஞ்சும்' என்கிற உண்மையைப் பிடிச்சுக்கிட்டுதான் மொத்தப் பொய்யையும் கட்டியிருக்காங்க.

புகை எந்த வழியா வருது?

ஒரு பைப்பை நடுவால் அறுத்துப் பார்த்தால் (யோசிச்சுப் பாருங்க போதும், அறுக்க வேண்டாம்) மேலே புகையிலை வைக்கிற குழி. குழியின் அடியில் ஒரு துளை. துளை தண்டுக்குப் போகுது, தண்டு வாய்க்குப் போகுது. புகை அந்தத் துளை வழியாத்தான் வருது. கல்லுக்குள்ள நுழைஞ்சு இந்தப் பக்கம் வெளியே வர்றதே இல்லை. போகிற வழியில் சுவரில் உரசுகிற கொஞ்சம் ஈரமும் தாரும் கல்லில் ஒட்டும். மீதி நேரா வாய்க்கு.

சாக்கடைக் குழாய் உள்பக்கம் பாசி பிடிச்சிருக்கு, அதனால வெளியே வர்றது குடிதண்ணின்னு யாராவது சொன்னா ஒத்துக்குவீங்களா?

வடிகட்டணும்னா வடிகட்டி வழியில் இருக்கணும். அதனால்தான் ஜெர்மனியில் பைப் தண்டுக்குள் 9 மில்லிமீட்டர் ஃபில்டர் சொருகுகிறார்கள். கரித்தூள் போட்டது உண்டு, மீர்ஷாம் துகள் போட்டதே கூட உண்டு. கிண்ணச் சுவரே வடிகட்டிடும்னா அந்தத் துகளைக் கொண்டு போய் தண்டுக்குள்ள அடைக்க வேண்டிய அவசியம் என்ன? அந்த ஃபில்டர் போட்டாலும் புகை மருந்தாகிவிடாது, அது வேற கதை.

இன்னும் சுலபமா ஒரு சோதனை. பைப் பிடிக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும், வெறும் வயித்துல அழுத்தமான புகையிலையை வேகமா இழுத்தா தலை சுத்தும், குமட்டும். மீர்ஷாமிலும் அப்படியேதான். நிகோடினைக் கல்லு குடிச்சிருந்தா கல்லுக்குத்தானே தலை சுத்தணும்?

செபியோலைட் நல்லா உறிஞ்சும்னா மறுக்கலை. ஸ்பெயினில் மாட்ரிட் பக்கத்தில் இதே கனிமத்தைப் பெருமளவில் வெட்டி எடுத்து, பூனைக் கழிவுக்கான தட்டில் போடுகிற மணலாக விற்கிறார்கள். அங்கே பூனை நேரா அது மேலேயே போகுது, அதனால் வேலை செய்யுது. :-)

"நான் உள்ளே இழுக்கறதில்லையே"

அடுத்த ஜல்லி இது. பைப்பை சிகரெட் மாதிரி நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயிலேயே வைத்து விடுவோம், அதனால் ஒண்ணும் ஆகாது என்பது.

பைப், சுருட்டுப் புகையிலைகளில் பலதின் புகைக்கு சிகரெட் புகையை விடக் காரத்தன்மை அதிகம். காரத்தன்மை கூடினால் நிகோடின் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்துக்குள் ஏறிவிடும். நெஞ்சுக்குள் இழுக்காமலே போதை வருவதன் ரகசியம் அதுதான். நிகோடினே நிக்காம போற இடத்துல மத்ததெல்லாம் மரியாதையா வாசல்லயே நின்னுடுமா?

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்லை. 1795-லேயே சோமரிங் என்கிற ஜெர்மன் மருத்துவர் பைப் பிடிப்பவர்களுக்கு உதட்டில் புற்றுநோய் வருவதை எழுதி வைத்தார். 1964-ல் அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் புகழ்பெற்ற அறிக்கை பைப்புக்கும் உதட்டுப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு நிரூபணமானது என்றது. 2004-ல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் தொகுப்பு, பைப்பும் சுருட்டும் வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்களுக்குக் காரணம் என்று வரிசையாகச் சொல்கிறது. கல் பைப்புக்குத் தனி சலுகை எதுவும் கிடையாது.

வியன்னாவைச் சொன்னாலே மீர்ஷாம் ரசிகர்களுக்குக் கண் விரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கல்லைச் செதுக்கும் கலைக்குத் தலைநகரம் அது. அதே வியன்னாவில் வாழ்ந்தவர்தான் சிக்மண்ட் ஃபிராய்ட். அவர் பிடித்தது சுருட்டு. 1923-ல் வாயில் புற்றுநோய் தெரிந்தது. அப்புறம் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். மேல்தாடையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, பேசவும் சாப்பிடவும் செயற்கைத் துண்டு வைத்துக்கொண்டு 1939 வரை அவஸ்தைப்பட்டார். மனுஷன் மனசையே பிரிச்சு மேய்ஞ்ச ஆளு, தன் சுருட்டைக் கடைசி வரை விட முடியலை. வாயில் வைத்துக்கொள்ளும் புகை வாயை என்ன செய்யும்னு கேட்கிறவங்களுக்கு இதுக்கு மேல சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்லை.

பொன்னிறம் பொய் சாட்சி

"வெள்ளையா இருந்த பைப் பாருங்க, தேன் கலராயிடுச்சு. அவ்வளவு விஷத்தையும் இழுத்துருச்சுல்ல?"

பைப்பை செதுக்கி, காயவைத்து, மெருகேற்றி, கடைசியில் உருக்கிய தேன்மெழுகில் முக்கி எடுக்கிறார்கள். அப்புறம் நாம் புகைக்கும்போது சூட்டில் மெழுகு இளகுகிறது. புகையின் ஈரமும் தாரும் கல்லில் ஊறி, மெழுகோடு சேர்ந்து நிறம் ஏறுகிறது. முதலில் தண்டுப் பக்கம் மஞ்சள், அப்புறம் கிண்ணத்தின் அடி, வருஷக்கணக்கில் போனால் செம்பழுப்பு. அழகுதான், சந்தேகமே இல்லை. அந்த நிறத்துக்காகவே பைப் பிடிக்கிறவங்க உண்டு.

ஆனா அந்த நிறம் எதுக்கு சாட்சி? அந்தப் புகையில் என்ன இருந்தது என்பதற்கு. கல்லில் ஒட்டினதே இவ்வளவுன்னா, ஒட்டாமப் போனது எங்க போச்சு? கல்லை வெளிச்சத்துல வெச்சு ரசிக்கிறோம். அண்ணத்தை யாரும் கண்ணாடில பாக்கறதில்லை.

கல்லுலயும் கலப்படம்

சரி, ஆரோக்கியப் பொய்யை நம்பி வாங்கப் போகிறவர் அடுத்து மாட்டுவது எங்கே? இதைச் சொல்லாம விட்டா பதிவு பாதிதான்.

மீர்ஷாம் பைப் ரெண்டு வகை. ஒண்ணு முழுக் கட்டியிலிருந்து செதுக்கியது. 'பிளாக்' என்பார்கள். இன்னொன்று செதுக்கும்போது விழுந்த சில்லுகளையும் தூளையும் அரைத்து, பசை சேர்த்து அழுத்திச் செய்தது. 'பிரஸ்ட்'. அழுத்தியது அவ்வளவாக உறிஞ்சாது, நிறமும் சரியாக ஏறாது. விலை குறைவு. குறைந்த விலைக்குக் குறைந்த சரக்கு, அதுல தப்பே இல்லை. தப்பு எங்கேன்னா, பெட்டி மேல 'ஜெனுவைன் மீர்ஷாம்' என்று போட்டு பிளாக் விலைக்கு விற்பதில். தூளும் ஜெனுவைன் கல்லோட தூள்தானேன்னு வாதாடுவாங்க. அரிசி நொய்யை அரிசி விலைக்கு விக்கிற கதை.

இந்த வித்தை இன்னிக்கு நேத்து வந்ததில்லை. ஜெர்மனியின் ரூலா ஊர் ஒரு காலத்தில் போலி மீர்ஷாமுக்கே பேர் போனது. டான்சானியாவில் கென்ய எல்லைப் பக்கம் அம்போசெலி பகுதியில் கிடைக்கும் கல் வேற ரகம். துருக்கிக் கல்லை விடக் கடினம், நிறமும் மங்கல். பெரும்பாலும் பைப்புக்கு உள்ளாடையாக வைப்பார்கள், மேலே தோல் சுற்றியும் வரும். இது போக, அச்சில் வார்த்த ரெசின் பொம்மை பைப்கள். அதில் அச்சின் இணைப்புக் கோடு தெரியும், கனமா இருக்கும். அதைப் பற்ற வைக்க வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கொளுத்தி முகர்வதும் அதுவும் ஒண்ணுதான்.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் 1869-லிருந்து மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரில் பைப் செய்கிற ஒரு கம்பெனி இருக்கு. பேர் என்ன தெரியுமா? மிசௌரி மீர்ஷாம். கல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அவங்க சோளக்கதிர்னு தெளிவா சொல்லித்தான் விக்கறாங்க, ஏமாத்து இல்லை. ஆனா அந்தப் பேருக்கு இருந்த மவுசைப் பாருங்க!

மவுசு எல்லாம் கதையால வந்தது. 1723 வாக்கில் ஆந்திராசி என்ற ஹங்கேரி பிரபு துருக்கியிலிருந்து கட்டி கொண்டு வந்தாராம், செருப்புத் தைக்கும் ஒருவர் அதில் முதல் பைப் செய்தாராம், அவர் கை மெழுகு பட்ட இடம் பொன்னிறமானதாம். விற்பனையாளர் எல்லாரும் ஒப்பிக்கிற இந்தக் கதையை வரலாறு தேடினவங்க நம்பறதில்லை. ஷெர்லாக் ஹோம்ஸ் வாயில் எப்பவும் ஒரு பெரிய வளைந்த பைப் பார்ப்பீங்களே, சுரைக்குடுவைக்குள் மீர்ஷாம் கிண்ணம் வைத்த 'காலபாஷ்'? கோனன் டாய்ல் கதைகளில் அது கிடையவே கிடையாது. களிமண், பிரையர், செர்ரி மரம், அவ்வளவுதான்.

உண்மையில் காசு எதுக்கு?

எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான்.

இஸ்தான்புல்லுக்கு ஆபீஸ் வேலையாகப் போனபோது ஒரு நாள் லீவு கிடைத்தது. அதிவேக ரயிலில் எஸ்கிஷெஹிர் போய்விட்டு வந்தேன். ஓதுன்பஸாரி என்ற பழைய பகுதியில் அத்லிஹான் என்று ஒரு கைவினைச் சந்தை. சின்னச் சின்னக் கடைகள். பக்கத்திலேயே இந்தக் கல்லுக்குன்னே ஒரு மியூசியம். ஒரு கடையில் வயசான ஒரு உஸ்தா (அங்கே கைத்தேர்ச்சி உள்ளவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நனைத்த கட்டியைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். ஈரமாக இருக்கும்போது சோப்பு மாதிரி சீவ வருகிறது. ஒரு சுல்தான் தலைப்பாகையின் மடிப்புகள் ஒவ்வொண்ணா வெளியே வந்தது. கட்டிக்குள் எங்கே வெடிப்பு ஒளிந்திருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது. முக்கால்வாசி முடிந்த பிறகு வெடிப்பு தெரிந்தால் அத்தனை நேர உழைப்பும் போச்சு.

அவர் ஒரு தடவை கூட வடிகட்டும், உறிஞ்சும், ஆரோக்கியம் என்று பேசவில்லை. பைப்பைக் கையில் கொடுத்தார். பார்த்துக்கோ என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் அவருடைய விளம்பரம்.

ரொம்ப காலம் இந்த ஊர்க்காரர்கள் கட்டியைத் தோண்டி பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள், செதுக்கிப் பேரும் காசும் வாங்கியது வியன்னா. 1970-களில் துருக்கி அரசு செதுக்காத கல்லை ஏற்றுமதி செய்யத் தடை போட்ட பிறகுதான் கையும் கல்லும் ஒரே ஊரில் தங்கின. பெக்லர், யானிக் என்று செதுக்கியவர் கையெழுத்துள்ள பைப்புகளை சேகரிப்பவர்கள் இன்று தேடி வாங்குகிறார்கள். கொடுக்கிற காசு அந்தக் கைக்கு. 'நிகோடின் உறிஞ்சும் கல்லு'ன்னு விக்கும்போது அந்தக் கையை மறைச்சுட்டு ஒரு பொய் மருந்தை முன்னால நிறுத்தறோம். செதுக்கினவருக்கும் துரோகம், வாங்கினவருக்கும் துரோகம்.

வரப்போகிற பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே

"சிகரெட்டுக்கு இது பரவாயில்லையே?" - சிகரெட்டே தொடாமல், உள்ளே இழுக்காமல், பைப் மட்டும் பிடித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து சிகரெட்காரர்களை விடக் குறைவுதான். ஆனால் புகைக்காதவர்களை விட அதிகம். அதுவும் சிகரெட்டிலிருந்து மாறியவர்கள் பழக்கதோஷத்தில் உள்ளே இழுத்துக்கொண்டேதான் இருப்பார்கள். நம்ம நண்பர் சிகரெட்டை விட்டதுக்கு வாழ்த்து சொல்லுங்க. மாறினதுக்குச் சொல்லாதீங்க.

"நீ மட்டும் பிடிக்கலாமா?" - நான் பிடிக்கிறதால பொய் உண்மையாயிடாது. பிடிக்காதவன் சொன்னா 'இவனுக்கென்ன தெரியும்' என்பீங்க, பிடிக்கிறவன் சொன்னா 'இவன் யோக்கியமா' என்பீங்க. அப்ப யாருதான் சொல்றது?

"வாங்கலாமா வேணாமா?" - வாங்குறதா இருந்தா சிற்பத்துக்காக வாங்குங்க. பிளாக்கா என்று நேரடியாகக் கேளுங்க, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்க. எழுதத் தயங்கினால் இடத்தைக் காலி பண்ணுங்க. செதுக்கியவர் யார்னு கேளுங்க. சூடா இருக்கும்போது தண்டைத் திருகாதீங்க, கீழே போட்டுடாதீங்க, உள்ளே கரி தடிமனா சேர விடாதீங்க. புகைக்காம அலமாரியில் வெச்சாலும் அதோட அழகுல ஒரு குறையும் வராது. வெள்ளையாவே இருந்துட்டுப் போகட்டுமே.

2016-லிருந்து நம்ம ஊர் புகையிலை பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. பைப்பில் படம் கிடையாது. சுல்தான் முகம்தான் இருக்கு. அதனால் எச்சரிக்கிற வேலை எழுதுகிற நம்ம தலையில் விழுது. பைப் பத்தி எழுதுங்க, ரசிச்சு எழுதுங்க, படம் போடுங்க. 'வடிகட்டும்' என்கிற ஒரு வார்த்தையை மட்டும் விட்டுடுங்க. அதை நம்பி எவனோ ஒருத்தன் நிம்மதியா இன்னொரு கிண்ணம் நிரப்புவான்.

டிஸ்கி: சம்பந்தப்பட்ட நண்பருக்கு இதைத் தனிமடலில் முதலிலேயே அனுப்பிவிட்டேன். "ரொம்ப யோசிக்கிறீங்க அண்ணே" என்று ஒரு வரி பதில் வந்தது. அதான் பொதுவில்.